குறையாத சிவப்பு

வெப்பக் கேமராவின் படத்தைக் கணினித் திரையில் ஓடவிட்டிருந்தாள் புரோகிராமர். அலுவலகத்தில் எல்லார் முகமும் பச்சை. ஒன்று மட்டும் செக்கச்செவேல்.

"கேமராவை வாங்க வர்றவங்க வாசலுக்கு வந்தாச்சு. அந்தச் சிவப்பைக் குறைச்சுக் காட்டு," என்றார் முதலாளி.

"மாட்டேன் சார். காய்ச்சல்னா சிவப்பாத்தான் காட்டும். அதைச் சொல்லித்தானே விக்கிறோம்? அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புங்க."

"அந்த ஆள் இல்லாம வியாபாரம் படியாது. பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நின்னா வேலை போயிடும்."

"போகட்டும். நான் எழுதின சாப்ட்வேரை நானே பொய் சொல்ல வைக்க மாட்டேன்."

அவர் ஆத்திரத்தோடு நாற்காலியை விட்டு எழுந்தார். திரையில் அந்தச் சிவந்த முகமும் எழுந்தது.

அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "கொதிக்குது. வியாபாரத்தை நான் பார்த்துக்கறேன். அம்மா கீழே காரோட நிக்கிறாங்க, கிளம்புங்கப்பா."