இருபது நிமிடத் தூரம்

சென்னையிலிருந்து சியோலுக்குப் பத்து மணி நேரம் பறக்க வேண்டியிருந்தவரை நங்கநல்லூர் சற்குணத்தம்மாளுக்கு ஒரு குறையுமில்லை. "அவ்வளவு தூரத்துலேருந்து பிள்ளை எப்படி வருவான், பாவம்!" என்றால் தெரு அடங்கிவிடும். இப்போது புதிதாக விட்ட பயணிகள் ராக்கெட்டில் இருபதே நிமிடம். தெருவுக்கு மறுபடி வாய் முளைத்துவிட்டது.

"தாம்பரத்துலேருந்து என் மருமக வரவே ஒன்றரை மணி நேரமாகுது. உங்க இளமாறன் பொங்கலுக்கும் வரலியாமேக்கா?" என்றாள் எதிர்வீட்டு ரமணி, கோலத்தை ரசிப்பதுபோல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபடி.

சற்குணத்தம்மாள் கதவைச் சாத்திவிட்டு சியோலிலிருந்த மகனைப் போனில் அழைத்தார்.

"அடுத்த மாசம் கண்டிப்பா வரேம்மா" என்றான், வழக்கம்போல.

"வர வேணாம்டா. செவ்வாய் கிரகத்துல உங்க கம்பெனிக்கு ஆபீஸ் இருக்காமே, அங்க மாத்தல் கேளேன். ஏழு மாசப் பயணமாம். அப்புறம் என்னை யாரும் கேக்க மாட்டாங்க."