முந்தைய வீட்டுக்காரர்

வைனெல் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். செங்கல் பாவிய தெரு. எதிரே பூட்டிக் கிடக்கும் பழைய மருந்துக்கடை. நேர் கீழே, அக்கா ஓலெட்டாவின் கார்.

வீடு பிடித்துவிட்டது. ஒரே ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான். ஆனால் சாவி அவளிடம் இருக்கும். அறுபத்தொரு வயதில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

இது ஐந்தாவது வீடு. நாக்கடோச்சஸ் சின்ன ஊர், டாலஸ் மாதிரிப் பெருநகரம் இல்லையே, வாடகைக்கு வரும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் நான்கு பேரும் காரணமே சொல்லாமல் முடியாது என்று கடிதம் போட்டார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓலெட்டாதான் தங்கையோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்தி, அந்த வீட்டுக்காரர்களைக் கண்டபடி திட்டினாள். வெயிலில் அலையாதே என்று காரில் கூட்டிவருவதும் அவள்தான்.

வீட்டுக்காரர் டிட்வெல்லுக்குக் காது மந்தம். சமையலறையில் நின்று விண்ணப்பத்தைப் பிரித்தார். 'முந்தைய வீட்டுக்காரர்' என்ற இடத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

அங்கே ஓலெட்டாவின் பெயரைத்தான் வைனெல் எழுதியிருந்தாள். ஆறு வருடமாக அவள் வீட்டில் இருந்துகொண்டு வேறு யாரை எழுதுவது?

கீழே காரில் ஓலெட்டா போனை எடுத்தாள். குரல் வைனெல்லின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“தங்கமானவதாங்க. ஆனா அடுப்பைப் பத்த வெச்சுட்டு மறந்துடுவா. ரெண்டு தடவை திரைச்சீலை பத்திக்கிச்சு. என் கூடப்பொறந்தவ, நான் சகிச்சுக்கிறேன். உங்களுது நூறு வருஷத்து மரக் கட்டடம்... அப்புறம் உங்க இஷ்டம்.”

பேசிக்கொண்டே கார்க் கண்ணாடியில் உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டாள்.

அடிப்பாவி! திரைச்சீலையாவது, தீயாவது! அந்த நான்கு பேரிடமும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஐந்து விண்ணப்பத்திலும் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தது வைனெல்லின் கையேதான்.

“அடுப்பைக் கழட்டிட்டே குடுங்க. ரொட்டியும் பாலும் தின்னு பொழைச்சுக்கறேன்” என்றாள் டிட்வெல்லிடம்.

டிட்வெல் பிடரியைச் சொறிந்தார். பிறகு விண்ணப்பத்தை மடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல் அவளிடமே நீட்டினார்.

படியிறங்கி வந்து கார் கதவைத் திறந்தாள். ஓலெட்டா அவளைப் பார்த்ததுமே உச்சுக்கொட்டினாள்.

“இந்தாளும் முடியாதுன்னுட்டானா? நாசமாப் போக! விடுடி, அக்கா நான் இல்லையா? சீக்கிரம் ஏறு, பர்லைத் திருப்பிப் படுக்க வைக்கணும்.”

பர்ல் ஓலெட்டாவின் கணவர். பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று மாதம் என்னோடு இரு என்றுதான் அப்போது தங்கையைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாமே வைனெல்தான்.

“உன் புருஷன், நீ திருப்பு” என்று வெளியே நின்றபடியே கதவைச் சாத்தினாள்.