விசில் லாரி

டர்போ மூன்றாவது முறையும் கருகிவிட்டது.

கழற்றி எடுத்த சுழல்தண்டை மிக்கேல்ராஜ் பலகைமேல் வைத்தான். தண்டு நீலம் பாரித்திருந்தது. அதைத் தாங்கும் புஷ்ஷில் எண்ணெய் கரியாகி ஒட்டிக்கிடந்தது.

"பழைய டிரைவர் பூலோகம் ஓட்டினப்ப இது ஒரு தடவைகூடக் கெட்டதில்ல. இப்ப உன் ரிப்பேர் தாங்க மாட்டேங்குதே, மிஸ்திரி" என்றார் லாரி முதலாளி நம்பிராஜன்.

மிக்கேல்ராஜுக்கு முகம் சிவந்தது. தாராவியில் அவன் கைபட்ட என்ஜினை யாரும் குறை சொன்னதில்லை.

"என் வேலையில கோளாறுன்னா இன்னைக்கே ஸ்பானரைக் கீழ வச்சிட்டுத் தொழிலை விட்டுருதேன், அண்ணாச்சி. கோளாறு வேலையில இல்ல. ஓட்டுறதுல."

பக்கத்தில் நின்ற டிரைவர் அய்யாத்துரை தலைகுனிந்தான்.

அணைக்கட்டு வேலைக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்து, வேலை முடிந்ததும் ஏலத்துக்குப் போன லாரி அது. அந்த வட்டாரத்தில் டர்போ உள்ள லாரி அது ஒன்றுதான். என்ஜின் கக்கும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அந்த வேகத்தில் வெளிக்காற்று என்ஜினுக்குள் திணிக்கப்படும். லோடோடு மேடு ஏறும்போது நீளமாக ஒரு விசில் கேட்கும். நம்பிராஜன் லாரி வருது என்று தெருவே சொல்லும். அதில் அவருக்குப் பெருமை.

ஆனால் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது என்ஜினை நிறுத்திவிடக் கூடாது. என்ஜின் நின்றால் எண்ணெய் வருவது நின்றுவிடும். சக்கரம் உடனே நிற்காது. எண்ணெயில்லாத புஷ்ஷில் சுற்றிச் சுற்றிக் கருகிவிடும். மேடு ஏறியதும் கொஞ்ச நேரம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அய்யாத்துரைக்கு இதை மிக்கேல்ராஜ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

"எங்கலே நிறுத்துத?" என்று நம்பிராஜன் கேட்டார்.

"சயான் பாலத்து உச்சியில பந்த் பண்ணிருவேன், அண்ணாச்சி. இறக்கத்துல உருண்டு, அந்த வேகத்துலயே கிடங்குக்கு வந்திரும்."

நம்பிராஜன் சிரித்தார். இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி, டீசல் மிச்சம் பிடித்து விற்கும் டிரைவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். யாருக்கு விற்கிறாய் என்று கேட்டார். அய்யாத்துரை விற்கவில்லை என்று மட்டும் சொன்னான். பிறகு ஏன் நிறுத்துகிறாய் என்றதும் லாரிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

இன்னொரு தடவை டர்போ கருகினால் சாவியை வைத்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு அவர் போனார். டீசல் திருடன் என்று பேர் வாங்கியவனுக்கு பம்பாயில் வேறு லாரி கிடைக்காது. அது அய்யாத்துரைக்கும் தெரியும்.

மிக்கேல்ராஜ் எண்ணெய்த் துவாரங்களைக் குத்திச் சுத்தம் செய்தான். புதுப் புஷ் கடைந்து போட்டான். இந்த முறை முதல் லோடுக்கு அவனும் கூடவே போனான்.

நாசிக்கில் தோல் ஏற்றித் திரும்பினார்கள். சயான் பாலத்து உச்சியை லாரி தொட்டதும் அய்யாத்துரையின் கை, என்ஜினை நிறுத்தும் கம்பிக்குப் போனது. மிக்கேல்ராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாத. ஓட்டியே போ."

"மிஸ்திரி, வேண்டாம்."

"ஓட்டுலே."

லாரி பாலம் இறங்கியது. கிடங்குக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. லோடு அழுத்த, டர்போ நீளமாக விசில் அடித்தது.

மேட்டின் ஓரத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தாள். கையில் செம்புத் தண்ணீர். தோளில் ஓர் ஆண்பிள்ளைத் துண்டு. முகமெல்லாம் சிரிப்பாக டிரைவர் சீட்டை அண்ணாந்து பார்த்தாள்.

அங்கே அய்யாத்துரை இருந்தான்.

சிரிப்பு அணைந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பேராச்சி. பூலோகத்தின் மனைவி. போன மழைக்காலத்தில், கசாரா மலைப்பாதையில் இறங்கி நின்று வழி பார்த்த பூலோகத்தின்மேல் மண் சரிந்தது. லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கிடங்கில் லாரி நின்றதும் அய்யாத்துரை தணிந்த குரலில் சொன்னான்: "மதினிக்கு எல்லாம் தெரியும், மிஸ்திரி. காரியமெல்லாம் அவுக முன்னாலதான் நடந்தது. இந்த விசில் காதுல விழுந்தா மட்டும் மறந்துபோவுது."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா பைத்தியம்னு சொல்லி ஊருக்கு அனுப்பிருவாவ. அங்க அவுகளுக்கு யாரு இருக்கா? பாலத்துக்குக் கீழ நின்னு டர்போவை ஆறவிட்டு பந்த் பண்ணினா, உருண்டு வந்த வேகம் போயிரும், மேடு ஏறாது. உச்சியில பந்த் பண்ணாதான் சத்தமில்லாம அந்த வாசலைத் தாண்டலாம்."

மிக்கேல்ராஜ் இறங்கி, விசில் வரும் டர்போவின் காற்றுவாயை விரலால் அளந்து பார்த்தான்.

மறுநாள் தகரத்தில் ஒரு பெட்டி அடித்தான். உள்ளே கம்பளித் துண்டுகளை வரிந்து, அவை உறிஞ்சப்படாதபடி கம்பிவலையால் மூடினான். டர்போ காற்றை இழுக்கும் வாயில் அதைப் பொருத்தினான். விசில் அடங்கவில்லை. பிரித்து, பெட்டியை இன்னும் நீளமாக அடித்தான்.

அடுத்த லோடு வந்தபோது அய்யாத்துரை பாலத்து உச்சியில் என்ஜினை நிறுத்தவில்லை. லாரி மற்ற லாரிகளைப் போலவே உறுமிக்கொண்டு மேடு ஏறியது. கிடங்கில் கொஞ்ச நேரம் சும்மா ஓடிவிட்டு நின்றது. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பேராச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை.

நம்பிராஜன்தான் ஓடி வந்தார். விசிலைக் காணோமே, டர்போ செத்துப்போச்சா என்று கேட்டார்.

"நல்லாயிருக்கு, அண்ணாச்சி. அந்த விசில்தான் கோளாறு. சரி பண்ணிட்டேன்" என்றான் மிக்கேல்ராஜ்.

"அப்போ இவன் கருக்கினது?"

மிக்கேல்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அவன் கருக்கல, அண்ணாச்சி. தப்பு என் வேலையிலதான்."