கழுத்துக்குத் தனிக் கடிதம்

கடைக்காரரின் விரல் நான்காம் தாளில் நின்றுவிட்டது.

போச்சு, இன்னொரு கையெழுத்து கேட்கப் போகிறார் என்று நினைத்தார் தாள்களைக் கொண்டுவந்தவர்.

விரல் மெல்ல நகர்ந்தது. அடுத்த தாள்.

எழும்பூரில், போலீஸ் சீருடைக் கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஒரு மாடி அறை. கண்ணாடி அலமாரிக்குள் தலையில்லாத பொம்மை ஒன்று கறுப்புக் கவசம் போட்டுக்கொண்டு நின்றது. அரிவாள் வெட்டு இறங்காதாம்.

அவர் இங்கே வருவது இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஆறு மணி நேரம் பஸ். இடுப்பு இடுப்பாகவே இல்லை.

முதல் தடவை அடையாள அட்டையை நீட்டியபோது கடைக்காரர் சிரித்துவிட்டார். போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை. தென்கரைக்குடி கிராம நிர்வாக அலுவலர். சிட்டா அடங்கல் எழுதுகிறவருக்குக் கவசம் எதற்கு?

எதற்கென்று சொன்னார். ஊரில் ஓர் ஆறு இருக்கிறது. விடியற்காலையில் திருட்டு மணல் லாரி வரும். குறுக்கே நின்று கை காட்ட அரசாங்கம் அங்கே வைத்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். கையில் ஒரு டார்ச், சட்டைப்பையில் ஒரு பேனா.

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. ஆனால் கடிதம் இல்லாமல் தரமுடியாது என்றார். கேட்கிறவர்களுக்கெல்லாம் விற்றால் நாளைக்கு லாரிக்காரனே அதைப் போட்டுக்கொண்டு வருவான்.

நியாயம்தான்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். உயிருக்கு ஆபத்து என்று மேலதிகாரி எழுத வேண்டும். அவர் எழுத, காவல் நிலையம் எழுத வேண்டும். காவல் நிலையம் எழுத, ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

நடந்துதான் இருந்தது. மாசி மாதம் ஒரு லாரி பைக்கோடு சேர்த்து அவரைத் தள்ளிவிட்டுப் போனது. இடது மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. நிலையத்தில் அதைச் சாலை விபத்து என்று எழுதியிருந்தார்கள். விபத்து இதற்குச் செல்லாது.

தான் சாகக்கூடிய ஆள்தான் என்று நிரூபிக்க எட்டு மாதம் ஆனது. வெட்டுப்பட்டே தொலைக்கலாம், அதற்கு யாரும் கடிதம் கேட்கமாட்டார்கள் என்று நடுவில் ஒருநாள் தோன்றியது.

போன திங்கட்கிழமை கடிதம் வந்தது. முத்திரையோடு, பச்சை மைக் கையெழுத்தோடு.

அதே தபாலில் அவருக்கு மாறுதல் உத்தரவும் வந்தது.

புது ஊரில் ஆறு கிடையாது. ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. அவர் மனைவி வளர்மதி அன்றைக்கே பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்தாள். இரண்டு வருஷமாக பைக் சத்தம் திரும்பக் கேட்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காதவள், மறுநாள் காலையில் வெயில் வரும்வரை தூங்கினாள்.

புதன்கிழமை பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவள் பெயர் சுகிர்தா. இருபத்துநாலு வயசு, முதல் வேலை. டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டாள். கழிப்பறை எங்கே? ஆற்றுக்குப் போகும்போது கூட யார் வருவார்கள்?

முதல் கேள்விக்கு எதிரே இருந்த தன் வீட்டைக் காட்டினார். வளர்மதி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாவதற்கு டார்ச்சை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் தலை நிமிர்ந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஆனா பேரே போடலியே?"

தாலுகா ஆபீஸில் பெயர் போட்டு எழுதும் வழக்கமில்லை. ஆள் வருவான், போவான். கடிதம் பதவிக்குத்தான். தென்கரைக்குடி கிராம நிர்வாக அலுவலருக்கு, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் திட்டிக்கொண்டிருந்த வழக்கம் அது.

பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தார். பொறுப்பு ஒப்படைப்புச் சான்று. ஒப்படைத்தவர் கையெழுத்து, ஏற்றுக்கொண்டவர் கையெழுத்து. அதோடு, ஏற்றுக்கொண்டவரின் அடையாள அட்டை நகல்.

கடைக்காரர் நகலில் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து, அணிபவர் பெயர் என்ற கட்டத்தில் சுகிர்தா என்று எழுதினார்.

அடுத்த கட்டம் மார்பளவு.

அதை அவர் யோசிக்கவே இல்லை. எட்டு மாதமாகத் தன் அளவைத்தான் மனப்பாடமாக வைத்திருந்தார். நேற்று வந்த பெண்ணுக்குப் போன் போட்டு இதையா கேட்பது?

வளர்மதிக்குப் போட்டார். புது ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு உன்னைவிட ஒல்லியா?"

"ஏன், ரவிக்கை தச்சுக் குடுக்கப் போறீங்களோ?"

"எழும்பூர்ல இருக்கேன். அந்தக் கடையில."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். திட்டட்டும்.

"முப்பத்திரண்டுன்னு சொல்லுங்க," என்றாள். அப்புறம், "கழுத்துக்கும் ஏதாவது வருமான்னு கேளுங்க. நான் எப்பவும் கழுத்தைத்தான் நினைச்சுப் பயப்படுவேன்."

இரண்டு வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை.

அவர் பொம்மையைப் பார்த்தார். கவசம் தோளோடு முடிந்திருந்தது.

கேட்டார்.

"வரும் சார். ஆனா கடிதத்துல உடம்புக்கு மட்டும்தான் எழுதியிருக்கு. கழுத்துக்குத் தனிக் கடிதம் வேணும்."

யார் யாரிடம் வாங்க வேண்டும் என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லி, அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.