வாய்க்கால் சத்தம்

உருத்திரபுரம் வயல் வரம்பில் கனகலிங்கம் கண்ணை மூடிச் சம்மணமிட்டிருந்தான்.

"இண்டைக்கு எங்கட தண்ணி முறை. இதென்ன நித்திரை?" மனைவி அமராவதி சீறினாள்.

"வாயைப் பொத்து! இது தியானம். நேற்றையும் நாளையையும் விட்டிட்டு, வாய்க்கால் சத்தத்தை மட்டும் கேக்கச் சொன்னவர் பக்கத்து வயல் ராஜரத்தினம் அண்ணை. அதுவும் கேளாமல் போனால் மனம் அடங்கிட்டுதாம்."

"உங்கட மனமோ? ராத்திரியும் சோத்துக் கோப்பையை எறிஞ்சனீங்கள்!"

திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அவன் மூச்சை இழுத்துவிட்டான். சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, அடியோடு நின்றது. கண்ணில் நீர் முட்டியது.

"அமராவதி! எனக்குக் கைகூடிட்டுது! ஒரு சத்தமும் இல்லை!"

மதகடியிலிருந்து ஓடிவந்தவள் மண்வெட்டியை அவன் காலடியில் எறிந்தாள்.

"எப்பிடிக் கேக்கும்? வாய்க்காலை மறிச்சு, எங்கட தண்ணி முழுக்கத் தன்ர வயலுக்குத் திருப்பிப்போட்டு நிக்கிறார், உங்கட ராஜரத்தினம் அண்ணை!"