யாக்கோபு பேசி வைத்தது

“அழிச்சது திரும்ப வருமா, தாயி?”

வாசலில் நின்றபடியே கேட்டார் சூசைமுத்து. லீமாரோஸ் நாற்காலியை விட்டு எழுந்தாள். கடலுக்குப் போன மகன் வரவில்லை, அவன் குரலாவது வருமா என்று கேட்கிற மனிதரிடம் என்ன சொல்வது? அதுவும், அந்தக் குரலை அழித்த பாவி அவளேதான் என்னும்போது.

“உள்ள வாங்க மாமா. இன்னைக்கு எப்படியும் எடுத்துருவேன். பூசை முடிஞ்சதும் ஜெபமாலை அத்தை நேரா இங்கனதான் வாரேன்னு சொல்லிருக்காங்க.”

“தெரியும். அதான் முந்தியே வந்தேன்.”

தங்கச்சிமடத்தில், கோயிலை ஒட்டியிருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவள்தான் டீச்சர். சூசைமுத்துவின் மகன் யாக்கோபு அவளிடம் படித்தவன். இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று அவள் கல்லறைப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் சென்டருக்கு வந்திருக்கிறான். மைக்கைப் பிடித்துத் தன் அம்மாவுக்கு ஏதோ பேசிப் பதிந்து வைத்திருக்கிறான். அம்மா ஜெபமாலை அப்போது மகள் பிரசவத்துக்காக மண்டபம் ஊரில் இருந்தாள். அன்று மதியம் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனவன்தான். மறுநாள் வள்ளம் மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது.

அப்படியொரு பதிவு இருப்பதே தெரியாமல், பையன்கள் விளையாட்டாகப் பதிந்த குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துத் தொலைத்தாள் லீமாரோஸ். யாக்கோபுவோடு படித்த சல்மா வந்து, “ஐயோ, யாக்கோபு பேசினது அதுலதானக்கா இருந்துச்சு!” என்று அலறிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அன்றிலிருந்து சரியாகச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

திருநாளும் அதுவுமாக அந்த ஊரில் யாரும் வள்ளம் இறக்க மாட்டார்கள். கடலில் கிடந்த வலையைக் காற்று கொண்டுபோய்விடும் என்று யாக்கோபு அடம்பிடித்து ஓடினானாம். ‘கையப் பிடிச்சு இழுத்தேன், உதறிட்டுப் போயிட்டானே’ என்று சூசைமுத்து கதறியதை ஊரே கேட்டது. ஊர் சும்மா இருக்குமா? செத்தவனைத் திட்டினால் திருப்பிக் கேட்க ஆளில்லை. ‘அப்பன் பேச்சக் கேக்காதவன், ஆத்துமாக்கள மதிக்காதவன்’ என்று நாலு நாள் வாய் வலிக்கப் பேசியது. ஜெபமாலை அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு அழுதாள்.

லீமாரோஸ் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தாள். கருப்புத் திரை. மௌஸ் எதற்கும் உதவாது. டீபக்எஃப்எஸ் என்று தட்டினாள். டிஸ்க்கின் அடிவயிறு வரைக்கும் போய்ப் பார்க்கிற கருவி அது.

“மாமா, இதுல அழிக்கிறதுன்னா கிழிச்சு எரிக்கிற மாதிரி இல்ல. எந்த எடத்துல இருக்குங்கிற குறிப்பத்தான் எடுத்துரும். சரக்கு அங்கனயே கெடக்கும்.”

“அங்கனயேவா?” சூசைமுத்துவின் முகம் வெளிறியது.

“அதுக்கு மேல வேற எதையும் எழுதாம இருந்தா. சல்மா சொன்னதுலருந்து இந்த மிஷின நான் தொடவே இல்ல.”

“மதுரைல, மெட்ராஸ்ல வேற யாராச்சும் எடுக்க முடியுமா?”

“என்னால முடியலேன்னா யாராலயும் முடியாது மாமா.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். பாவம், நம்பிக்கை எல்லாம் தன் தலையில்தான் வந்து விழுகிறது என்று நினைத்தபடி லீமாரோஸ் அடுத்த கட்டளையைத் தட்டினாள்.

அழிந்துபோனவை திரையில் எண்களாக வரிசைகட்டி வந்தன. பெயர் எதற்கும் இல்லை. எவ்வளவு பெரியது, எப்போது அழிந்தது என்பது மட்டும் இருந்தது. அளவை வைத்து ஒன்றைப் பிடித்து வேறோர் இடத்தில் இறக்கினாள். வெறும் இரைச்சல். இன்னொன்றை இறக்கினாள். கிறிஸ்துமஸ் பாட்டு.

“வரலேன்னா விட்டுரு தாயி. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க மாமா. அத்தை முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“நீ என்ன செய்வ? போனது போனதுதான். மேல எதும் எழுதிருப்பீங்க.”

தன்னைத் தேற்றுகிறாரே மனிதர் என்று அவளுக்குக் கண் நிறைந்தது. அந்த வேகத்திலேயே அடுத்த எண்ணைத் தட்டினாள். ‘அம்மா’ என்று மெல்லக் கேட்டதுமே நிறுத்தினாள்.

பக்கத்துக் கோயிலில் கடைசிப் பாட்டு தொடங்கியிருந்தது.

“வந்துருச்சு மாமா! இதுதான், இதேதான்!”

சூசைமுத்து நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். “வேணாம் தாயி, இப்பப் போடாத…” என்று கையை நீட்டுவதற்குள் அவள் முதலிலிருந்து ஓடவிட்டு ஸ்பீக்கரைத் திருகிவிட்டாள்.

“அம்மா, யாக்கோபு பேசுறேன். திருநாளன்னிக்குக் கடலுக்குப் போக மாட்டேன்னு எவ்வளவோ சொல்லிட்டேம்மா. அய்யா கேக்கல. வலை போயிரும்னு துடுப்பாலயே அடிச்சிட்டாரு. போயிட்டு வாரேன். நீ வந்து அய்யாட்ட சண்ட கிண்ட போடாத.”

லீமாரோஸ் திரும்பிப் பார்த்தாள். சூசைமுத்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

“போறப்பவே சொன்னான், அம்மாட்ட எல்லாம் பேசி வச்சிட்டேன்னு. இது வரவே வராதுன்னு உன் வாயால கேட்டுட்டுப் போகத்தான் தாயி நான் வந்தேன்.”