கணவாய் கருகும் வரை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பாட்டு நேரத்தில் முடிகிற கதை சொல்கிறேன். தாய்லாந்தின் மகாச்சாய் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணி. பாங்காக் ரயிலிலிருந்து இறங்கியவர்கள் படகுத்துறைக்கு விரையும்போது ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்குகிறது; எல்லோரும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நடைமேடையில் கணவாய் மீன் சுட்டு விற்கும் அம்பாவுக்குப் பத்தடி முன்னால், மூன்று வருடத்துக்கு முன் கோபித்துக்கொண்டு போன மகன் பிரசித், முதுகைக் காட்டி நிற்கிறான். இப்போது கூப்பிடக் கூடாது. பாட்டு முடிந்ததும் கூட்டத்தோடு போய்விடுவான். அவன் பிடரியில் வழியும் வேர்வையையே பார்க்கிறாள். கரியடுப்பில் கணவாய் புகைகிறது. பாட்டு ஓய்கிறது, கூட்டம் நகர்கிறது; அவள் இன்னும் அந்தப் பிடரியையே பார்க்கிறாள். "அக்கா, கரியை யாருக்கு விக்கப்போறே?" என்று பழக்காரி சிரிக்கிறாள். புகை நெடிக்குத் திரும்பிய பிரசித் நிற்கிறான்.

"இன்னும் கருக்கிட்டுத்தான் இருக்கியா, அம்மா?"

"உன்னைப் பாத்துக்கிட்டே எப்படிடா திருப்புறது?"

உங்கள் வீட்டு வாசலிலும், பிரிந்து போனவர்களின் செருப்புகள் வந்து சேரட்டும்.